பொறியியல் மாணவருக்கான கணிதப் பாடநூல்: தேர்வின் வரலாறு

பொறியியல் மாணவருக்குக் கணிதம் கற்பிக்க எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது என்ற வினா, பொறியியல் கல்லூரி என்ற அமைப்பு தோன்றிய நாளிலிருந்தே இருந்து வருகிறது. ஒவ்வொரு தேற்றத்தையும் ஐயமற நிறுவிக் காட்டும் நூல் ஒருவகை. நிறுவலைச் சுருக்கிப் பயன்பாட்டுக்கு விரைந்து செல்லும் நூல் மற்றொரு வகை. முதல் வகையைக் கையில் கொடுத்தால் மாணவர் பாதியில் சோர்ந்துவிடுவார் என்பது ஒரு தரப்பின் அச்சம். இரண்டாம் வகையைக் கொடுத்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்து, அது பொருந்தாத இடத்திலும் அதையே பயன்படுத்துவார் என்பது மறுதரப்பின் அச்சம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இவ்வழக்கில் கணித மேதைகளும் பொறியாளர்களும் கல்விக்குழுக்களும் மாணவர்களும் பங்கெடுத்துள்ளனர்.

பாரிசில் தொடக்கம்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794ஆம் ஆண்டு, பாரிசில் பொதுப்பணிகளுக்கான மையப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அது எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் மாற்றம் பெற்றது. மாணவர்கள் இங்கே அடிப்படை அறிவியலையும் கணிதத்தையும் கற்ற பின்னர், பாலங்கள் மற்றும் சாலைகள், சுரங்கம், பீரங்கிப் படை முதலிய துறைகளுக்கான தனிப் பள்ளிகளுக்குச் செல்வர். முதலில் கணிதம், பிறகு தொழில் என்ற இந்த வரிசையைப் பிற்காலத்தில் பல நாடுகளின் பொறியியல் கல்லூரிகள் ஏற்றுக்கொண்டன.

இப்பள்ளியின் தொடக்கக் காலத்திலேயே இருவேறு வகை நூல்கள் தோன்றிவிட்டன. காஸ்பார் மோன்ழ் கற்பித்த விளக்க வடிவியல், முப்பரிமாணப் பொருளை இரண்டு தளங்களில் வரைந்து காட்டும் கலையாகும். கோட்டை கட்டுவதற்கும் கல் செதுக்குவதற்கும் நேரடியாகப் பயன்பட்ட இக்கலை 1799இல் நூலாக வெளிவந்தது. லக்ராஞ்ச் தம் விரிவுரைகளிலிருந்து 1797இல் வெளியிட்ட நூலோ, நுண்கணிதம் முழுவதையும் அடுக்குத் தொடர்களின் மீது எழுப்ப முயன்றது. மோன்ழின் நூல் வரைபலகையையும், லக்ராஞ்சின் நூல் தருக்கத்தையும் அடித்தளமாகக் கொண்டவை.

இவ்விரண்டுக்கும் நடுவே நின்றவர் லக்ருவா. அவர் முதலில் மூன்று பெருந்தொகுதிகளாக நுண்கணித நூல் எழுதினார். பின்னர் மாணவருக்கென்று அதைச் சுருக்கி 1802இல் ஒரே தொகுதியாக வெளியிட்டார். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட பாடநூல்களில் இதுவும் ஒன்று. பாபேஜ், ஹெர்ஷல், பீகாக் ஆகிய மூவரும் 1816இல் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர்.

கோஷியும் கல்வி மன்றமும்

அகுஸ்தின் லூயி கோஷி இதே பள்ளியில் பயின்றவர். பாலங்கள் மற்றும் சாலைகள் பள்ளியில் பயிற்சி பெற்று, செர்பூர் துறைமுகக் கட்டுமானத்தில் பொறியாளராகவும் பணியாற்றியவர். அவர் பேராசிரியராகத் திரும்பி வந்தபோது, பொறியாளருக்கு வேண்டியது எது என்பதை அறிந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று பள்ளி எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் கோஷி வேறொரு வழியில் சென்றார்.

எல்லை, தொடர்ச்சி, தொடரின் ஒருங்கல் ஆகியவற்றைத் தெளிவாக வரையறுக்காமல் நுண்கணிதத்தில் ஓரடியும் வைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. 1821இல் வெளியான அவருடைய பகுப்பாய்வு நூல் இக்கொள்கையின் வெளிப்பாடாகும். இன்று கணித வரலாற்றில் அந்நூலுக்குப் பெரும் மதிப்புண்டு. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மாணவர்களிடையே அதே வரவேற்பு இல்லை. அதே ஆண்டில் ஒரு வகுப்பு நேரம் கடந்து நீண்டபோது மாணவர்கள் கூச்சலிட்டனர். பள்ளியின் கல்வி மன்றமும் கோஷியை மீண்டும் மீண்டும் கடிந்துகொண்டது. கோட்பாட்டுக்கே நேரம் முழுவதும் செலவாகிறது, பயன்பாடுகளுக்கு நேரம் எஞ்சுவதில்லை, பொதுப்பணிக்குச் செல்லும் மாணவருக்கு இது உதவாது என்பவை குற்றச்சாட்டுகள். விரிவுரைகளை அச்சிட்டுத் தருமாறும் மன்றம் வற்புறுத்தியது. அவ்வாறு 1823இல் வெளிவந்ததே நாற்பது பாடங்கள் கொண்ட நுண்கணிதச் சுருக்கம்.

கோஷியின் பக்கமும் வலுவற்றதன்று. எல்லாச் சார்புகளையும் அடுக்குத் தொடராக விரிக்கலாம் என்ற நம்பிக்கையின் மீது லக்ராஞ்சின் நூல் நின்றது. கோஷியோ ஒரு சார்பை எடுத்துக்காட்டினார். பூச்சியப் புள்ளியில் அதன் எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியம். எனவே அதன் தொடரும் முழுவதும் பூச்சியம். ஆனால் அந்தச் சார்பு பூச்சியம் அன்று. தொடரை எழுதிவிட்டதாலேயே சார்பைப் பிடித்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதை இந்த ஒரே எடுத்துக்காட்டு மெய்ப்பித்தது.

1830ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கோஷி புதிய அரசுக்கு உறுதிமொழி தர மறுத்து நாட்டை விட்டு வெளியேறினார். அதன்பின் பகுப்பாய்வுப் பாடம் நடத்த வந்தவர் நேவியே. தொங்கு பாலங்களையும் பாய்மங்களின் இயக்கத்தையும் ஆராய்ந்த பொறியாளர் அவர். அவருடைய விரிவுரைகளும் பிற்காலத்தில் நூலாயின.

ஒரு சதுரத் தகடு

இவ்வழக்கின் உட்பொருளை எளிய எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். பக்கம் 10 செ.மீ. உள்ள சதுரத் தகடு ஒன்று சூடேறி ஒவ்வொரு பக்கமும் 0.01 செ.மீ. கூடுவதாகக் கொள்வோம். புதிய பரப்பு 100.2001 சதுர செ.மீ. ஆகும். கூடுதல் 0.2001. இதில் 0.2 என்பது தகட்டின் இரு விளிம்புகளில் ஒட்டிய மெல்லிய பட்டைகளின் பரப்பு. எஞ்சிய 0.0001 மூலையில் உள்ள சிறு சதுரம்.

பொறியாளர் அந்த மூலைச் சதுரத்தை விட்டுவிடுவார். அளவுகோலில் படாத அளவு அது. கணித அறிஞரோ, சிறியது என்பதற்காக ஒன்றை விட்டுவிட உரிமை தந்தது யார் என்று கேட்பார். பக்கத்தின் வளர்ச்சி பூச்சியத்தை நெருங்கும்போது, பரப்பு வளர்ச்சிக்கும் பக்க வளர்ச்சிக்கும் உள்ள விகிதம் 20ஐ நெருங்குகிறது என்று அவர் கூறுவார். விடை இருவருக்கும் ஒன்றே. தகட்டைப் பொறுத்தவரை யார் சொல்லும் முறையில் கற்றாலும் கேடில்லை. ஆனால் விட்டுவிட்ட சிறு பகுதிகள் எண்ணற்றவையாகக் குவியும் இடங்களில், எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற தெளிவு இல்லாதவர் தவறான விடையைச் சரியென்று நம்பிவிடுவார்.

கடலடி வடமும் புவியின் வயதும்

கணிதத்தைப் புறக்கணித்ததால் நேர்ந்த இழப்புக்கு அட்லாண்டிக் கடலடித் தந்தி வடம் சான்றாகும். எக்கோல் பாலிடெக்னிக்கில் பணியாற்றிய ஃபூரியே, வெப்பம் பரவுவதற்கான சமன்பாட்டை 1822இல் நூலாக வெளியிட்டார். இளமையிலேயே அந்நூலைக் கற்ற வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், அதே வகைச் சமன்பாடு நீண்ட வடத்தில் மின்குறி பரவுவதற்கும் பொருந்தும் என்று காட்டினார். வடத்தின் நீளம் இரண்டு மடங்கானால் குறி தாமதமாவது நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட விதி. வட நிறுவனத்தின் மின்னியலாளராக இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் இவ்விதியை ஏற்கவில்லை. 1858இல் இடப்பட்ட வடத்தில் அவர் மிகை மின்னழுத்தத்தைச் செலுத்தினார். சில வாரங்களிலேயே வடம் செயலிழந்தது. நிலையான இணைப்பு கிடைத்தது 1866இல்தான்.

ஆனால் சமன்பாட்டை அறிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கும் கெல்வினே சான்றாகிறார். அதே வெப்பச் சமன்பாட்டைக் கொண்டு புவி குளிர்ந்த காலத்தைக் கணக்கிட்ட அவர், புவியின் வயதைச் சில கோடி ஆண்டுகள் என்ற அளவில் வரையறுத்தார். நிலவியல் அறிஞர்களுக்கு அது போதவில்லை. ஆயினும் கணக்கில் பிழை காண அவர்களால் இயலவில்லை. 1895இல் ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியர், பிழை கணக்கில் இல்லை, எடுகோளில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். புவியின் உட்பகுதி மேற்பகுதியைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்துமானால், அதே சமன்பாடு பன்மடங்கு மிகுதியான வயதைத் தரும். பெர்ரி முன்னர் கிளாஸ்கோவில் கெல்வினிடம் உதவியாளராகப் பணிபுரிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கணிதக் கல்வியைப் பற்றிய விவாதத்தில் அடுத்து முன்னணிக்கு வந்தவரும் இவரே.

பெர்ரி இயக்கம்

பெர்ரி 1875 முதல் 1879 வரை தோக்கியோவின் பேரரசுப் பொறியியல் கல்லூரியிலும், பின்னர் லண்டனில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியிலும் கற்பித்தவர். ஃபின்ஸ்பரி மாணவர்களில் பலர் பட்டறைகளில் உழைத்துக்கொண்டே படித்தவர்கள். அக்காலத்து இங்கிலாந்தில் கணிதக் கல்வி என்பது பெரும்பாலும் யூக்ளிடின் வடிவியலை அதே வரிசையில் நெட்டுருச் செய்வதாக இருந்தது. நுண்கணிதத்தை எட்டுவதற்குள் தொழிலாளி மாணவரின் படிப்புக் காலமே முடிந்துவிடும்.

இதற்கு மாற்றாகப் பெர்ரி 1897இல் ‘பொறியாளர்களுக்கான நுண்கணிதம்’ என்ற நூலை வெளியிட்டார். அடுக்குச் சார்பு, படிக்குறிச் சார்பு, சைன் சார்பு ஆகிய மூன்றையும் நன்கு கையாளத் தெரிந்தால் பொறியாளரின் தேவையில் பெரும்பகுதி நிறைவேறும் என்ற எண்ணத்தின் மீது அந்நூல் அமைந்தது. நீராவி எந்திரம், உத்திரம், மின்சுற்று ஆகியவற்றிலிருந்தே கணக்குகள் எடுக்கப்பட்டன. கட்டமிட்ட வரைபடத்தாளில் அளவுகளைக் குறித்து, கோட்டின் சாய்விலிருந்து மாறுவீதத்தைக் கண்ணால் காணச்செய்வது அவர் முறை. இன்று ஒவ்வொரு பள்ளி மாணவர் கையிலும் உள்ள வரைபடத்தாள், கணித வகுப்பில் இடம்பெற இம்முயற்சியும் ஒரு காரணம்.

1901இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் பெர்ரி கணிதக் கல்வியைப் பற்றி விவாதம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அதன் விளைவாக ஒரு குழு அமைக்கப்பட்டது. 1903இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளில் யூக்ளிடின் வரிசையைக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டும் என்ற விதியைத் தளர்த்தியது. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தலைவர் இ. எச். மூர் 1902இல் ஆற்றிய தலைமையுரையில் பெர்ரியின் கருத்துகளை எடுத்துப் பேசினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியிலும் இதே போராட்டம் நடந்தது. பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியின் அலாய்ஸ் ரீட்லர் உள்ளிட்ட பொறியாளர்கள், பொறியியல் மாணவரின் நேரத்தைக் கோட்பாட்டுக் கணிதம் விழுங்குகிறது என்று எதிர்த்தனர். கோட்டிங்கனின் ஃபெலிக்ஸ் கிளைன் இரு தரப்புக்கும் பாலமாக நின்று, பயன்பாட்டுக் கணிதத்துக்கும் பல்கலைக்கழகத்தில் உரிய இடம் கிடைக்கச் செய்தார்.

அச்சம் போக்கிய நூல்

ஃபின்ஸ்பரி கல்லூரியின் முதல்வராக விளங்கிய மின்பொறியியல் பேராசிரியர் சில்வானஸ் தாம்சன், 1910இல் ‘எளிதாக்கப்பட்ட நுண்கணிதம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அட்டையில் அவர் பெயர் இல்லை. அரச கழக உறுப்பினர் ஒருவர் எழுதியது என்பதற்கான சுருக்கக் குறி மட்டுமே இருந்தது. 1916இல் அவர் மறைந்த பின்னரே ஆசிரியர் பெயர் வெளியானது.

வகையீட்டுக் குறியை ‘ஒரு சிறு துளி’ என்றும், தொகையீட்டுக் குறியை ‘அத்துளிகளின் கூட்டுத்தொகை’ என்றும் அவர் முதல் அத்தியாயத்திலேயே விளக்கிவிடுகிறார். எல்லைக் கோட்பாட்டில் தொடங்கி மாணவரை மிரட்டுவதில்லை. மேலே கண்ட தகட்டின் மூலைச் சதுரத்தை அவர் தயக்கமின்றி விட்டுவிடுவார். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1908இல், கேம்பிரிட்ஜின் ஜி. எச். ஹார்டி வெளியிட்ட தூய கணித நூல், எல்லைக் கோட்பாட்டை முழு நுட்பத்துடன் மாணவர்முன் வைத்தது. இரண்டு நூல்களும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அச்சில் உள்ளன. இரண்டுக்கும் வாசகர்கள் இருப்பதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: நல்ல நூல் எது என்ற வினாவுக்கு, யாருக்கு என்ற வினாவைச் சேர்க்காமல் விடை கூற இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் பெருநூல்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்னணுவியல், கட்டுப்பாட்டியல், வானூர்தியியல் ஆகியவை வளர்ந்தபோது பொறியாளரின் கணிதத் தேவையும் பெருகியது. அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கம் 1955இல் வெளியிட்ட கிரின்டர் குழு அறிக்கை, பட்டறைப் பயிற்சியைவிட அறிவியல் அடிப்படைக்கும் கணிதத்துக்கும் கூடுதல் அழுத்தம் தரவேண்டும் என்றது. இச்சூழலில் 1962இல் வெளியானது எர்வின் கிரைசிக்கின் ‘அட்வான்ஸ்டு இன்ஜினியரிங் மேதமேட்டிக்ஸ்’. வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், திசையன் நுண்கணிதம், ஃபூரியே தொடர், கலப்பெண் பகுப்பாய்வு, எண்ணியல் முறைகள், நிகழ்தகவு என அனைத்தையும் ஒரே அட்டைக்குள் அடக்கிய நூல் அது. ஆசிரியர் தூய கணிதத்திலும் நூல்கள் எழுதியவர். எனவே தேற்றங்களை நிபந்தனைகளுடன் சொல்லி, பல இடங்களில் நிறுவலும் தந்து, உடனே பயன்பாட்டுக் கணக்குகளுக்குச் செல்கிறார்.

1970இல் இங்கிலாந்தில் வெளியான கே. ஏ. ஸ்ட்ரவுடின் நூல் மற்றொரு வழியைக் காட்டியது. பாடம் முழுவதும் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர் ஒரு விடை எழுதிய பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்லும்படி அமைக்கப்பட்டது. ஆசிரியர் துணையின்றித் தாமே படிப்பவருக்கு இது பேருதவி. இந்தியாவில் பி. எஸ். கிரேவாலின் ‘ஹையர் இன்ஜினியரிங் மேதமேட்டிக்ஸ்’ நாற்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. சுருக்கமான கோட்பாடு, தீர்த்துக் காட்டப்பட்ட ஏராளமான கணக்குகள், பல்கலைக்கழகத் தேர்வு வினாக்கள் ஆகியவை அதன் அமைப்பு.

தமிழ்நாட்டில்

எக்கோல் பாலிடெக்னிக் தோன்றிய அதே 1794இல்தான் சென்னையில் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு அதுவே வித்து. இரண்டின் நோக்கமும் வேறு வேறு. பாரிசுப் பள்ளி கணிதத்திலிருந்து தொழிலுக்குச் சென்றது. சென்னைப் பள்ளியோ நிலம் அளக்கும் உடனடித் தேவையிலிருந்து பிறந்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பருவந்தோறும் வரும் கணிதத் தாள்களை மாணவர்கள் ‘எம் ஒன்’, ‘எம் டூ’, ‘எம் த்ரீ’ என்று அழைப்பர். இரண்டு மதிப்பெண் வினா, பதினாறு மதிப்பெண் வினா என்ற தேர்வு அமைப்பு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதற்கேற்ப, வினாவும் விடையுமாகத் தொகுத்த கையேடுகள் கடைகளில் குவிந்தன. பாடத்திட்டத்தில் குறிப்பிட்ட நூல் நூலகத்தில் இருக்க, மாணவர் கையில் கையேடு இருப்பது பழகிய காட்சியாயிற்று. தேர்ச்சிக்கு அது உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எடுகோளை ஐயுற்றுக் கேட்கும் பழக்கத்தை அது வளர்ப்பதில்லை.

மொழியும் இங்கு ஒரு சிக்கல். தமிழ்வழியில் மேனிலைக் கல்வி முடித்து வரும் மாணவர், புதிய கணிதத்தையும் புதிய மொழியையும் ஒரே பருவத்தில் எதிர்கொள்கிறார். ‘வகையீடு’ என்று படித்ததைக் கல்லூரியில் வேறு சொல்லால் கேட்கும்போது, தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, தமிழில் தரமான பாடநூல் வேண்டும் என்ற தேவையும் கூடவே எழுந்தது.

தேர்வுக்கான அளவுகோல்கள்

இவ்வரலாற்றிலிருந்து சில அளவுகோல்கள் கிடைக்கின்றன.

முதலாவது, நூல் எந்த மாணவருக்கு எழுதப்பட்டது என்பது. தாமே படிப்பவருக்கும் ஆசிரியர் உடனிருக்க வகுப்பில் படிப்பவருக்கும் ஒரே நூல் பொருந்தாது.

இரண்டாவது, சூத்திரத்துடன் அதன் நிபந்தனையையும் நூல் சொல்கிறதா என்பது. நிறுவலைத் தள்ளிப்போடலாம். நிபந்தனையை மறைக்கக்கூடாது. கோஷியின் எடுத்துக்காட்டு தரும் பாடம் இது.

மூன்றாவது, கணக்குகள் எங்கிருந்து எடுக்கப்பட்டுள்ளன என்பது. மாணவர் தம் துறையில் காணும் பொருளிலிருந்து எழும் கணக்கு மனத்தில் நிற்கும். இது பெர்ரியின் பாடம்.

நான்காவது, விடை வந்த பிறகு அது பொருந்துமா என்று பார்க்கும் பழக்கத்தை நூல் வளர்க்கிறதா என்பது. புவியின் வயதில் கெல்வின் தவறியது கணக்குத் தெரியாமல் அன்று.

பாரிசின் கல்வி மன்றம் கேட்டதும் கோஷி கேட்டதும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. விரைவாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்றது மன்றம். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும் என்றார் கோஷி. பாலம் கட்டப்போகும் மாணவருக்கு இரண்டும் தேவை. அச்சம் போக்கும் சிறுநூல் ஒன்றைத் தொடக்கத்திலும், நிபந்தனைகளைத் தவறாமல் சொல்லும் பெருநூல் ஒன்றை அடுத்தும் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வழக்கில் இரு தரப்புக்கும் நீதி செய்தவராவார்.